பொன்னாடையில் கை துடைத்த தலைவரும் எங்கள் நேயர்களும்

நேயர் அழைப்பு நிகழ்ச்சி நடத்துவதைப் பேசுகிற தொழில் என்று நினைப்பவர்கள் அதை நடத்திப் பார்க்காதவர்கள்; அது நாள் முழுக்கத் தலையாட்டுகிற தொழில், அதுவும் ஆட்டுகிற தலை யாருக்கும் தெரியாத வானொலியில்.

டொரண்டோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு பிளாசாவின் மாடியில், பல் வைத்தியருக்கும் டிராவல் ஏஜென்சிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தமிழ் வானொலி. கிழமை நாட்களில் மத்தியானம் ‘உலக வலம்’ என்னுடைய நிகழ்ச்சி. சமைத்துக்கொண்டிருப்பவர்கள், டெலிவரி வான் ஓட்டுபவர்கள், ஓய்வு பெற்று அலுத்துப்போனவர்கள் எல்லோரும் போன் எடுத்து உலகத்தைத் திருத்துவார்கள். கடைக் கவுண்டரில் நின்று ஏச்சு வாங்குபவர்களே, போனில் வாடிக்கையாளர் சேவை செய்பவர்களே, கோயில் நிர்வாக சபையில் தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வேலை வேறு, வாங்கிக் கட்டுவது ஒன்றுதான்.

இழுத்த கதவு

எங்கள் நிகழ்ச்சிக்குச் சோறு போட்டவர் பிரிட்டனின் எதிர்க்கட்சித் தலைவர். பெயர் வேண்டாம், அந்த நாட்டிலேயே அவருடைய பெயரைச் சரியாகச் சொல்பவர்கள் குறைவு. நெடிய, மெலிந்த மனிதர். எந்த நேரமும் தும்மல் வரப்போகிறவரின் முகம். ஒரு தொழிற்சாலைக்குப் போய், “இந்த நாட்டின் மூடிய கதவுகளைத் திறந்து காட்டுவேன்” என்று முழங்கிவிட்டுத் திரும்பியவர், தள்ள வேண்டிய கண்ணாடிக் கதவை இழுத்துக்கொண்டு நின்றார். கமெராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. இழுத்தார், குனிந்து பார்த்தார், மறுபடி இழுத்தார். கடைசியில் ஒரு தொழிலாளி வந்து முழங்கையால் தள்ளிவிட்டார்.

லண்டன் பத்திரிகைகள் அந்தக் கதவைக் கிழமைக்கணக்காக விடவில்லை. கேலிச்சித்திரக்காரர்கள் அவரைக் கதவும் கையுமாகவே வரைந்தார்கள். பிரிட்டன் சிரித்து ஓய்ந்த பிறகு நாங்கள் ஆரம்பித்தோம். ரூஜ் பகுதியிலிருந்து தவறாமல் அழைக்கும் தங்கராசா அங்கிள், கதவு திறக்கத் தெரியாதவரிடம் ஒரு நாட்டை எப்படி ஒப்படைப்பது என்று விளம்பர இடைவேளையையும் தாண்டிப் பேசினார். அவருக்கு அடுத்து வந்தவர் விட்பியிலிருந்து கமலா அன்ரி. “தம்பி, எங்கடை மனுசன் கலியாணம் கட்டின நாளிலையிருந்து வீட்டிலை பிரிட்ஜ் கதவைத் தவிர வேறையொண்டும் திறந்ததில்லை. அந்தாளாவது இழுத்துப் பாத்தது.”

உள்ளூர்ச் சரக்கு

எனக்கும் மனச்சாட்சி உண்டு. கனடாவில் குடியிருந்துகொண்டு, இங்கே வரி கட்டிக்கொண்டு, எந்நேரமும் பிரிட்டனைக் கிழிப்பது சரியில்லை என்று ஒருநாள் தோன்றியது. எங்கள் தொகுதிப் பிரதிநிதியின் வேலை திருப்தியா என்று கேட்டு லைனைத் திறந்துவிட்டேன். அழைப்பு வந்தால் எரிகிற பலகையில் ஒரு விளக்குகூட எரியவில்லை. நானே பேசினேன், நானே பதில் சொன்னேன், ஒரு பாட்டும் போட்டேன். பிறகு ஒரே ஒரு அழைப்பு வந்தது. அவர், பாட்டு நன்றாக இருந்தது என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலியைக் கவனித்துக்கொண்டு, வரும் அழைப்புகளை எடுத்து எனக்குத் தருபவர் பத்மா அக்கா. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். நேயர்களின் குரலைக் கேட்டே இரத்த அழுத்தம் சொல்லிவிடுவார். நிகழ்ச்சி முடிந்து நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது தேத்தண்ணியை நீட்டினார். “இங்கத்தைய ஆள் நாளைக்கு எங்கடை பிள்ளையளின்ரை சாமத்தியச் சடங்குக்கு வந்து முன்வரிசையிலை இருப்பார் தம்பி. போட்டோவும் எடுக்கவேணும். ஏசுறதெண்டால் கடல் கடந்த ஆளாத்தான் பாக்கவேணும்.”

வடைக்குப் பிறகு

என் மனைவி வதனியின் தம்பி சேகர் லண்டனில் இருக்கிறான். அங்கே உள்ளூராட்சித் தேர்தலில் கவுன்சிலர் பதவிக்கு நின்றான், நம்முடைய கதவுக்காரர் கட்சியில். வேலையையும் குறைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய் மணி அடித்து, நாய்களிடம் கடியும் வாங்கி உழைத்தான். தமிழர்கள் நிறைய இருக்கிற வட்டாரம். தலைவரையே கூட்டி வந்து காட்டினால் வெற்றி நிச்சயம் என்று ஒரு தமிழ் மாலை ஏற்பாடு செய்தான்.

தலைவர் வந்தார். வடை சாப்பிட்டார். எண்ணெய்க் கையோடு அவரை மேடைக்கு ஏற்றினார்கள். சேகர் பொன்னாடையை எடுத்து, உதறி, அவருடைய தோளில் போர்த்தினான். தலைவர் நெகிழ்ந்துபோனார். கை துடைக்கத் துணி தருகிற இப்படி ஒரு பண்பான சமூகமா என்று நினைத்திருக்க வேண்டும். அதை எடுத்து, ஒவ்வொரு விரலாகப் பொறுமையாகத் துடைத்தார். ஜரிகைப் பக்கத்தால் வாயையும் ஒற்றிக்கொண்டார். அழகாக மடித்து, நன்றி சொல்லிச் சேகரிடமே திருப்பிக் கொடுத்தார். சேகர் இரண்டு கையாலும் வாங்கி, கும்பிட்டான்.

லண்டன் பத்திரிகைக்காரர்களுக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் கை துடைத்தார், அவ்வளவுதான். ஆனால் சேகர் வீடு போய்ச் சேருவதற்குள் அந்த வீடியோ ஸ்காபரோவின் எல்லாத் தொலைபேசிகளிலும் இருந்தது. அடுத்த நாள் பத்மா அக்காவின் பலகையில் எரியாத விளக்கு இல்லை. நெடுஞ்சாலை நெரிசலில் காருக்குள் இருந்தபடி ஒருவர் அழைத்தார். தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. “சார், எங்க ஊர்ல பொன்னாடைய வாங்கின கையோட பின்னாடி நிக்கிறவர்கிட்ட குடுத்துடுவாங்க. அது அப்படியே அடுத்த மேடைக்குப் போயிடும். இவராவது யூஸ் பண்ணினாரே!”

கறி இல்லாத சாப்பாடு

நான் அன்று வீட்டுக்குப் போனபோது வதனி பேசவில்லை. மறுநாள் என் சாப்பாட்டுப் பெட்டியில் வெறும் சோறு இருந்தது, தொட்டுக்கொள்ள ஒரு கறியும் இல்லை. அதற்கு மறுநாள் பெட்டியே இல்லை. என் பக்க நியாயத்தை உங்களிடமாவது சொல்கிறேன்: வீடியோவை நான் எடுக்கவில்லை, வடையை நான் சுடவில்லை, நேயர்களை நான் பெறவில்லை. ஆனால் சிரித்தேன். ஒலிவாங்கி திறந்திருந்தபோது சிரித்தேன்.

பிறகு சேகரே அழைத்தான். ஏசுவான் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அவன் ஏசவில்லை; குரல் களைத்திருந்தது. டொரண்டோக்காரர்கள் சிரிப்பதில் உனக்கென்ன, இவர்களுக்கு அங்கே வாக்கா இருக்கிறது என்று ஆறுதல் சொன்னேன். அப்போதுதான் அந்தக் குண்டைப் போட்டான். “அத்தான், எங்கடை வட்டாரத்துச் சனம் லண்டன் பேப்பர் வாசிக்கிறேல்லை. போனிலை உங்கடை ரேடியோவைத்தான் கேக்குது. என்ரை கவுன்சிலர் சீற் இப்ப உங்கடை வாயிலைதான் இருக்கு.”

நியாயம் பேசப்போய்

மச்சானையும் காப்பாற்ற வேண்டும், மத்தியானச் சாப்பாட்டையும் காப்பாற்ற வேண்டும். அடுத்த நிகழ்ச்சியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். வேற்று நாட்டு மனிதர், நம் வழக்கம் அறியாதவர். நாமும் வந்த புதிதில் இந்த நாட்டில் எத்தனை இடத்தில் விழித்தோம். ஒருவருடைய அறியாமையைப் பார்த்துச் சிரிப்பது பண்பா? எனக்கே கண் கலங்கிவிட்டது. பத்மா அக்கா கண்ணாடிக்கு அப்பால் தலையில் கை வைத்துக்கொண்டார். அது ஏனென்று அப்போது விளங்கவில்லை.

நேயர்கள் என் பேச்சை முழுமனதாக ஏற்றுக்கொண்டார்கள். ஓம், அந்த மனிதரில் ஒரு பிழையும் இல்லை என்றார்கள். அழைத்தவர்கள் எல்லோரும் தலைவருக்கு மன்னிப்பு வழங்கினார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தபோது தங்கராசா அங்கிள் லைனில் வந்தார். “நீர் சொன்னது நூறு வீதம் சரி. துடைச்ச மனுசனுக்கு வழக்கம் தெரியாது, விடுவம். துடைச்சதைத் திருப்பிக் குடுக்கேக்கை இரண்டு கையாலும் கும்பிட்டு வாங்கினது ஆர்? உவன் எங்கடை ஆளெல்லோ! இனி உவனைப் பற்றிக் கதைப்பம்.”

லண்டனிலிருந்து ஒரு நேயர்

கதைத்தார்கள். அந்தக் கிழமை முழுக்கக் கதைத்தார்கள். குனிந்த முதுகைப் பற்றி, கும்பிட்ட கையைப் பற்றி, போட்டிருந்த கோட்டைப் பற்றி. பிரிட்டிஷ் எதிர்க்கட்சித் தலைவர் எவ்வளவு சுகமான தீனியாக இருந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்குத் தமிழ் விளங்காது. வதனி வானொலியைப் போடுவதையே நிறுத்திவிட்டாள். அவள் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பத்மா அக்கா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், லண்டன் அழைப்பு என்று. “வணக்கம், நான் சேகர், பொன்னாடை போர்த்தின ஆள்” என்றது குரல். என் கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போனது; பத்மா அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். சேகர் தொடர்ந்தான். “நான் ஏன் கும்பிட்டு வாங்கினனான் எண்டு எல்லாரும் கேக்கிறியள். அவர் கட்சித் தலைவர், நான் வேட்பாளர். எனக்கு அந்தச் சீற் வேணும். செருப்பைக் கழட்டித் தந்திருந்தாலும் அண்டைக்கு வாங்கியிருப்பன். இதிலை விளங்காதது என்ன இருக்கு?”

இருபது வருடத் தமிழ் ஒலிபரப்பில் ஓர் அரசியல்வாதி வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததாக எனக்கு நினைவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. உடனே எல்லா விளக்குகளும் எரிந்தன. ஆண் பிள்ளை என்றார்கள், தமிழன் என்றார்கள், இப்படி ஒருத்தன்தான் வேண்டும் என்றார்கள். தங்கராசா அங்கிள்தான் கடைசியில் வந்தார். முதன்முறையாக அவர் குரலில் இரக்கம் இருந்தது. “பெடியன் உண்மையைச் சொல்லிப்போட்டான். இனி உவன் வெல்லமாட்டான்.”

தேர்தல் முடிந்தது

வெல்லவில்லை. லண்டன் கடைத்தெருவில் அவனை மறித்துக் கை கொடுத்தவர்கள், தோளில் கை போட்டுப் படம் எடுத்தவர்கள், உன்னைப் போல் உண்டா என்று கட்டிப் பிடித்தவர்கள் எல்லோரும் போய், எதிர்த்து நின்ற, வாயே திறக்காத ஒரு மனிதருக்கு வாக்குப் போட்டுவிட்டு வந்தார்கள். நாடு முழுக்கக் கட்சி அடிவாங்கியது. அதே கிழமையில் தலைவர் பதவியை விட்டு விலகினார். விலகல் அறிக்கையை வாசித்துவிட்டு அவர் உள்ளே போன கதவை யாரோ திறந்து பிடித்துக்கொண்டார்கள் என்று அதற்கும் ஒரு கேலிச்சித்திரம் போட்டது லண்டன் பத்திரிகை.

அதற்கு இரண்டு நாள் கழித்துச் சேகர் போன் எடுத்தான். வதனியோடுதான் பேசினான், பிறகு போனை என்னிடம் தரச் சொன்னான். ஆறுதலாக என்ன சொல்வதென்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவனே சொன்னான். “அத்தான், தலைவர் நேற்று எனக்குப் போன் எடுத்தவர். பொன்னாடை எண்டால் என்னெண்டு அவரின்ரை ஒபிசிலை ஒரு தமிழ்ப் பிள்ளை இப்பதான் விளங்கப்படுத்தினதாம். தன்னாலைதான் நான் தோத்தனான் எண்டு மன்னிப்புக் கேட்டுது மனுசன். தன்ரை பதவி போன அடுத்த நாள். உங்கடை நேயர் ஒருத்தரும் எனக்கு எடுக்கேல்லை அத்தான்.”

பாவம் அந்தாள்

அன்று மத்தியானம் இதை அப்படியே நிகழ்ச்சியில் சொன்னேன். சேகர் என் மனைவியின் தம்பி என்பதையும் சேர்த்தே சொன்னேன்; இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லி முடித்ததும் பத்மா அக்கா ஒலிப்பலகையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். ஒரு விளக்கும் எரியவில்லை. பிறகு விட்பி கமலா அன்ரி வந்தார். மூக்கைச் சிந்திவிட்டுப் பேசினார். “பாவம் அந்தாள். வடையைத் திண்டிட்டு நிண்ட மனுசனை நாங்கள் எத்தினை கிழமை வைச்சுத் திண்டனாங்கள்.” அதற்கு மேல் யாரும் பேசத் தேவையில்லை என்று நினைத்து ஒரு விளம்பரத்துக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது பலகை முழுக்க வெளிச்சம். எல்லோரும் மனம் திருந்தி சேகருக்கு ஆறுதல் சொல்லத்தான் அழைக்கிறார்கள் என்று நம்பி, முதல் லைனை எடுத்தேன். தங்கராசா அங்கிள். “தம்பி, சேகருக்கு நான் சுகம் விசாரிச்சதெண்டு சொல்லும். அது கிடக்கட்டும், அங்கை புதுசா வந்திருக்கிற தலைவர் காலையிலை பேட்டி குடுத்தவரெல்லோ, காலிலை போட்டிருந்த அந்தச் சப்பாத்தைப் பாத்தனீரோ?”

பதவி இழந்த ஒருவருக்காக அழுவதற்கும் பதவிக்கு வந்த ஒருவரைக் கிழிப்பதற்கும் நடுவில் எங்கள் நேயர்களுக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு புடவைக்கடை விளம்பரம்தான்.