இரண்டு நாற்பதுக்கு வந்த விருந்தினர்

கதை கட்டுவதில் எனக்குப் பேர் உண்டு. எங்கள் தெருவே சொல்லும். ஆனால் இதில் ஒரு சொட்டுகூட நான் கலக்கவில்லை. பாதி, எதிர் வீட்டுப் பெண் தன் வாயால் சொன்னது. மீதி, என் காதாலேயே கேட்டது. நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் 'பெட்ஷீட்'. ஹோட்டல், சுற்றுலா நிர்வாகம் என்று பல்கலைக்கழகத்தில் படிக்கிறாளே, அதனால். அவள் அப்பா பஸ் டிரைவர். "ஊரான் படுத்த படுக்கைய உதறி விரிக்கவா பட்டப் படிப்பு?" என்று சேர்ந்த அன்று கத்தியவர், அதோடு மகளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். மூன்று வருஷம். ஒரே வீடு. 'விளக்கை அணைக்கச் சொல்லு' என்பதுகூட அம்மா வழியாகத்தான் போகும். ஜன்னலோரம் நின்றால் எனக்கே கேட்கும். நிற்பேன்.

கடைசி வருஷச் செய்முறைத் தேர்வு வந்தது. அவர்கள் துறைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அசல் ஹோட்டல் போலவே ஓர் அறை இருக்கிறது. மாணவர்கள் ஆளுக்கொருவரை வீட்டிலிருந்து விருந்தினராக வரவழைக்க வேண்டும். வாசலில் வரவேற்று, பத்து நிமிடம் உபசரித்து, வழியனுப்ப வேண்டும். சொந்தம் மட்டும் காட்டக் கூடாது. முதல் நாள் ஒருத்தன் பழக்கதோஷத்தில் "வாங்க மாமா" என்று சொல்லித் தொலைத்து ஐந்து மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டான்.

இவள் யாரையும் கேட்காமல் அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள். வந்து பார்த்தாலாவது பேசுவாரா என்ற ஆசைதான். அம்மாதான் பயந்து பயந்து அவர் காதில் போட்டாள்.

தேர்வன்று காலை, செருப்பை மாட்டிக்கொண்டே, சுவரைப் பார்த்து அவர் கேட்டார்.

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு நாப்பதுக்குப்பா."

"ஷிப்ட் முடிஞ்சதும் வந்துடுறேன்."

போகிற வழியெல்லாம் அழுதாளாம் பெட்ஷீட்.

பகல் ஒன்றரைக்கு எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். இவள் படுக்கையை விரித்தாள். நாணயத்தைப் போட்டால் துள்ள வேண்டும், அத்தனை இறுக்கம். தேர்வாளர் மதிப்பெண் தாளோடு வெளியே, திறந்த கதவருகே நின்றுகொண்டார். அவர் வாய் திறக்கக் கூடாது.

சரியாக 2.40. லிஃப்ட் மணி அடிக்கவில்லை. காலடிச் சத்தம் இல்லை. நிமிர்ந்தாள்... வாசலில் அப்பா.

புதுச் சட்டை. இரண்டு பொத்தான்கள்தான் போட்டிருந்தார். அவசரத்தில் ஓடி வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

"வணக்கம் சார். உள்ளே வாங்க."

வந்தார். தண்ணீர் கொடுத்தாள். தொடவில்லை. மெல்ல ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜன்னல்... மேசை... துண்டு.

"கொஞ்சம் உக்காரலாமாம்மா?"

"தாராளமா, சார்."

படுக்கையில் உட்கார்ந்தார். விரிப்பு... கசங்கவில்லை. ஒரு சுருக்கம்கூட விழவில்லை. எழுபத்தைந்து கிலோ மனிதர்.

அவளுக்குப் பெருமைதான் வந்தது. என்ன இறுக்கமாக விரித்திருக்கிறேன்!

"நல்லா விரிச்சிருக்கே."

"நன்றி சார்."

அவள் முகத்தையே பார்த்தார். அவள் வாயால் எதையோ கேட்க வேண்டும் போல... காத்திருந்தார்.

"வேற ஏதாவது வேணுமா சார்?"

விரிப்பைக் கையால் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் வேணாம்மா."

எழுந்தார். 2.50. வழியனுப்பினாள். விதிப்படி கதவைச் சாத்தினாள். அறையை ஒழுங்குபடுத்தத் திரும்பினாள்.

ஒழுங்குபடுத்த எதுவுமில்லை.

மூன்றே காலுக்குப் போன் கைக்கு வந்தது. அம்மாவிடமிருந்து இருபத்திரண்டு அழைப்புகள்.

டிப்போவின் ஓய்வறையில் அப்பா புதுச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது பொத்தானைப் போட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கூட இருந்த கண்டக்டர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். மருத்துவமனைக் காகிதத்தை நானே படித்தேன். உயிர் பிரிந்த நேரம் 1.52.

எட்டு நாள் கழித்துத் தேர்வாளர் துக்கம் விசாரிக்க வந்தார். உதவி செய்கிற சாக்கில் நானும் அங்கேதான் இருந்தேன்.

"விருந்தினர் வரலைன்னுதான் தாள்ல எழுதினேன்மா. அறையில உன்னைத் தவிர யாரும் இல்ல. ஆள் வராததால நீயா நடிச்சுக் காட்டுறேன்னு நெனச்சேன். முழு மார்க் போட்டேன்."

அவள் தலை நிமிரவில்லை.

"இன்னொண்ணு... சொல்லலாமா வேணாமான்னு இருந்துச்சு. நீ கதவைச் சாத்தின பிறகு, வெளியிலேருந்து யாரோ தட்டுனாங்க. நான் கதவுக்குப் பக்கத்துலயே நிக்கிறேன். ஆள் இல்ல. சத்தம் மட்டும்... மெதுவா, விட்டு விட்டு. மணி பார்த்தேன். 2.57 வரைக்கும் தட்டுறது நிக்கலை. பயந்துபோய் நான் கீழ இறங்கிட்டேன்."

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நீ ஏம்மா திறக்கலை?" என்று கேட்டார் தேர்வாளர்.

பெட்ஷீட் அவரைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவை. அப்புறம், ஏனோ, என்னை.

"நான் கதவுகிட்டயேதான் நின்னேன் சார்," என்றாள். "எனக்குக் கேக்கவே இல்லையே..."