கர்சர் யார் பக்கத்தில் நிற்கிறது?

பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனை லேபில் போன் அலறியபோது நான் அங்கே எங்கள் கம்பெனியின் 'பாட்' (bot) ஓடும் வேகத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பாட் என்பது, ஆளுக்குப் பதிலாகத் தானே கிளிக் செய்து டைப் அடிக்கும் புரோகிராம். ரத்தப் பரிசோதனை முடிவுகளை மருத்துவமனை சாஃப்ட்வேரில் ஏற்றுவது அதன் வேலை.

போனை எடுத்த டெக்னீஷியன் ஸ்டெல்லாவின் முகம் மாறியது.

"முருகேசனுக்குப் பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பதா? அவருக்கு நார்மல்தான் சிஸ்டர்! மருந்து ஏத்தாதீங்க, நிறுத்துங்க!"

அந்த அளவு இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. அப்படியானால் அது யாருடையது?

பாட்டை நிறுத்திவிட்டு அது செய்ததெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்தேன். சாந்தகுமாரி என்ற நோயாளியுடையது. அவர் பக்கம் காலியாக இருந்தது. பாட் அவர் பக்கத்தைத் திறந்த நொடியில், வேறு கேள்விக்காக ஸ்டெல்லா அதே கம்ப்யூட்டரில் முருகேசன் பக்கத்தைத் திறந்திருக்கிறார். அசல் கீபோர்டைப் போல டைப் அடிக்கும் முறை அது. எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறதோ, எழுத்து அங்கேதான் விழும்.

வார்டு போன் இப்போது பிஸி. "நான் மேல ஓடறேங்க்கா" என்று ஸ்டெல்லா படியேறினார். நான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. "சாந்தகுமாரிக்கு ஈசிஜி மாறிகினு இருந்துச்சாம்க்கா. டாக்டர் மருந்து போட்டுட்டாரு. பக்கத்துலயே நிக்கிறாரு."

விஷயம் தெரிந்து எங்கள் அம்பத்தூர் ஆபீசிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். "பேக்கிரவுண்ட் மெத்தடுக்கு மாத்திடுங்க. ஒரு செட்டிங்தானே? சாயங்காலத்துக்குள்ள ஓட விட்டுடலாம்."

அந்த முறையில் எழுத்து, முன்னால் எந்த ஜன்னல் இருந்தாலும், நேராக அது விழ வேண்டிய பெட்டிக்கே போகும். யார் மவுஸைத் தொட்டாலும் கவலையில்லை. டெஸ்ட் நோயாளி ஒருவர் பெயரில் ஓட்டிப் பார்த்தேன். எண் அழகாக வந்து உட்கார்ந்தது. பாட் 'சக்சஸ்' என்றது. பக்கத்தை மூடித் திறந்தேன். பெட்டி காலி. அந்தப் பழைய சாஃப்ட்வேர், கீ அழுத்தப்பட்டதாக உணர்ந்தால்தான் சேமிக்கும்.

"சார், இது அதைவிட மோசம். ரிசல்ட் போகவே போகாது, போச்சுன்னு சொல்லும்."

"கிளையன்ட்டுக்கு என்னம்மா பதில் சொல்றது?"

"இன்னிக்கு பாட் ஓடாதுன்னு சொல்லுங்க. நான் ஓட்ட மாட்டேன்."

கோபத்தில் போனை வைத்துவிட்டார். அன்று முழுக்க ஸ்டெல்லா கையால் ஏற்ற, நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்தேன்.

பிறகு பாட்டுக்கென்று, யாரும் தொடாத தனி கம்ப்யூட்டர் வந்தது. டைப் அடிக்கும் முறையை மாற்றவில்லை. டைப் அடிக்கும் முன் பாட் திரையிலுள்ள நோயாளி எண்ணைப் படித்து, ரிசல்ட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். சேமித்த பின் மறுபடி திறந்து பார்க்க வேண்டும். ஒன்று பிசகினாலும் நின்றுவிட வேண்டும். பாட்டின் வேகம் பாதியானது. சாந்தகுமாரி பிழைத்து வீட்டுக்குப் போனார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எந்த மெத்தட் வேகம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எழுத்து தப்பான இடத்தில் விழுந்தால் அது உங்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றால், எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஓட்டாதீர்கள்.