மலர்கொடி காய்ச்சச் சொன்ன இரண்டாவது குழாய்

மலர்கொடி எதையும் லேசில் நம்பமாட்டாள். கூலி நெல் அளக்கும்போது மரக்காலைக் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் முந்தானையை விரிப்பாள். களத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் அவளுக்கு அடுத்து நிற்பவர்கள் மறுபடி தட்டிப் பார்ப்பதில்லை.

அறுபத்தேழில் புது ஆட்சி வந்து மூன்றாம் வருஷம், மிராசுதாரோடு நடந்த அறுவடைக் கூலித் தகராறில் அவள் புருஷன் கலியபெருமாளைப் போலீஸ் தேடியது. பொழுது புலரும்போது வந்து மகளைப் பார்த்துவிட்டு, மூங்கில் கொல்லை வழியே மறைந்துவிடுவான். அது வெளியே யாருக்கும் தெரியாது.

ஆறு வயது மகள் அம்சத்துக்கு முகம் வீங்கியதும் மலர்கொடி அவளைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனாள். நர்ஸ் சௌந்தரநாயகி குடியிருப்பது மிராசுதார் வீட்டு மாடியில். சந்தேகத்துக்கு அது போதாதா?

நர்ஸ் குழந்தையின் காலை அழுத்தினாள், குழி விழுந்தது. முழங்காலில் ஆறிய சிரங்கைப் பார்த்தாள்.

"ஒண்ணுக்கு என்ன நிறத்துல போவுது?"

"எல்லாருக்கும் போற மாதிரிதாங்க."

"நீ பாத்தியாம்மா? காலையில யாரு வெளிய அழைச்சிட்டுப் போறது?"

மலர்கொடி குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மூத்திரத்தைக் கேட்கிற மாதிரி ஆளைக் கேட்கிறாளே!

"அதுவே போவுதுங்க."

நர்ஸ் குழந்தையின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். மேலே கஞ்சிபோல வெள்ளையாகத் திரண்டது.

"ரத்தத்துல இருக்க வேண்டிய சத்து இதுல போவுது. சிறுநீரகக் கோளாறு. இன்னைக்கே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்."

பிள்ளையை அங்கே படுக்க வைத்தால் அப்பன் பார்க்க வருவான், பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்கோ?

"யாரோடதைக் காய்ச்சினாலும் இப்படித்தாங்க திரளும்."

"நல்லா இருக்கறவங்களுக்குத் திரளாதும்மா."

"அப்ப என்னோடதையும் காய்ச்சுங்க. அதே குழாயில."

நர்ஸ் கோபப்படவில்லை. "போய்ப் பிடிச்சிட்டு வா," என்றாள்.

மலர்கொடி குழாயைத் தானே கழுவினாள். கவிழ்த்து, அடியைத் தட்டிப் பார்த்தாள். விளக்கில் அவளுடையது கொதித்தது, குமிழ் விட்டது. தெளிவாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் காட்டச் சொன்னாள். அப்போதும் தெளிவுதான்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு நாளா கடுங்காப்பி மாதிரி போவுதுங்க. தகரப் போணியில பிடிச்சுப் பாத்தாரு, அவ அப்பா…" நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த நர்ஸின் பேனா நின்றது. பிறகு எழுதியது.

"என்ன எழுதினீங்க?"

நர்ஸ் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். இரண்டாம் வகுப்போடு நின்ற மலர்கொடி எழுத்துக் கூட்டிப் படித்தாள்: 'நான்கு நாட்களாகக் கருஞ்சிவப்பு. பார்த்தவர்: தாய்.'

சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு குழந்தையைத் தூக்கினாள்.

"பஸ்ஸு எத்தன மணிக்குங்க?"

"பதினொண்ணுக்கு."

வெளியே வந்ததும், டீக்கடைக்காரரிடம் மலர்கொடி அதையும் ஒருமுறை கேட்டுக்கொண்டாள்.