உள்பக்கத் தாழ்ப்பாள்

தாழ்ப்பாளைக் கழற்ற வந்தவர்கள் கதவைத் தட்டவில்லை. நான் அடுப்படியில் நின்று ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஒருக்களித்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு சூப்பர்வைசரும், ஸ்குரூடிரைவரும் கையுமாக ஒரு தச்சரும் உள்ளே வந்தார்கள். "அஞ்சே நிமிசந்தாம்மா" என்றார் சூப்பர்வைசர். வாசல் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாள், குளியலறைத் தாழ்ப்பாள், இரண்டையும் கழற்றி ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டார்கள். பைக்குள் ஏற்கெனவே நிறையக் கிடந்தன. எங்கள் வரிசையில் என் வீடுதான் கடைசி.

நான் இருப்பது திண்டுக்கல்லிலிருந்து அகரம் போகிற வழியில், ஓர் அறக்கட்டளை நடத்துகிற முதியோர் குடியிருப்பில். இதை முதியோர் இல்லம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இல்லத்தில் சோறு போட்டுக் கட்டில் கொடுப்பார்கள். இங்கே நாங்கள் வாடகை கொடுக்கிறோம், எங்கள் சோற்றை நாங்களே பொங்கிக்கொள்கிறோம். வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். ஓர் அறை, ஓரத்தில் அடுப்படி, பின்னால் குளியலறை. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு வருகிற பென்ஷனில் டவுனுக்குள் ஒரு போர்ஷன்கூடப் பிடிக்க முடியாது. இங்கே வாடகை கட்டிவிட்டு, எப்போதாவது பஸ் ஏறிப் போய் ஒரு பிரியாணியும் சாப்பிட முடிகிறது. வாடகை குறைவு என்பதால் மரியாதையும் குறைவாக இருந்தால் போதும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

காரணமில்லாமல் கழற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். என் பக்கத்து வீட்டில் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா இருக்கிறார். தக்காளியும் முருங்கையும் போட்டு வாழ்ந்த குடும்பம். அவருக்கு அடுத்த வீட்டில் அவருடைய அக்கா இருந்தார். இருவருமே கணவரை இழந்தவர்கள். பேசி வைத்துக்கொண்டு ஒன்றாகக் குடிவந்தார்கள். ஒருநாள் காலையில் அந்த அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தங்கை வெளியே நின்று தட்டத் தட்ட, உள்ளேயிருந்து "தண்ணி, தண்ணி" என்று குரல் மட்டும் வந்தது. ஆள் வந்து கதவை உடைத்தபோது அந்தக் குரல் நின்றிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நானும் அந்த வாசலில்தான் நின்றேன். வெகுநாள் எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வையுங்கள் என்று நாங்கள் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அந்த வழவழத் தரையை மாற்றுங்கள் என்றும் கேட்டாயிற்று. கம்பி வைக்கக் கொத்தனார் வேண்டும், சிமெண்டு வேண்டும். தாழ்ப்பாள் கழற்ற ஒரு ஸ்குரூடிரைவர் போதும்.

"யாரைக் கேட்டுக் கழட்டுறீங்க?" என்று சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"எல்லார் வீட்லயும் ஓகே சொல்லிட்டாங்கம்மா."

"இந்த வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன். நான் எப்ப சொன்னேன்?"

அவர் போனை எடுத்துக் காட்டினார். எங்கள் பிள்ளைகளை எல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸாப் குரூப் வைத்திருக்கிறார்கள். அதில் நாங்கள் யாரும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "பெற்றோர் பாதுகாப்புக் கருதி" என்று தொடங்கி ஒரு செய்தி. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். கோயம்புத்தூரிலிருந்து என் மகனும் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தான்.

உடனே அவனைக் கூப்பிட்டேன். "ஏலே, என் கதவுத் தாழ்ப்பாளக் கழட்ட நீ யாருடா?"

"உன் நல்லதுக்குத்தானம்மா. நைட்டு ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

"உன் வீட்டு பெட்ரூம்ல தாழ்ப்பாள் இருக்கா, இல்லையா?"

"அது வேறம்மா."

"என்ன வேற?"

மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டான். என் மகன் நல்லவன்தான். ஆனால் தாய்க்கு நல்லது எது என்று தாயைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்பான்.

அந்தத் தாழ்ப்பாள் எனக்கு என்ன என்று அவனுக்குத் தெரியாது. நான் வாழ்க்கைப்பட்டுப் போனது சின்னாளபட்டியில் ஒரு தறிக்கார வீடு. கூடம் முழுக்கத் தறி. மிச்சமிருந்த இடத்தில் மாமனார், மாமியார், கொழுந்தன்மார்கள், நாங்கள். அவ்வளவு பேருக்கும் சேர்த்து வாசல் கதவு ஒன்றே ஒன்று. குளிப்பதற்குக் கொல்லையில் ஓர் ஓலைத் தடுப்பு. சேலையை எடுத்து அதன்மேல் போட்டால் உள்ளே பெண்பிள்ளை இருக்கிறாள் என்று அர்த்தம். ஆடிக் காற்றில் சேலை பறந்துவிட்டால் அர்த்தமும் பறந்துவிடும். விடிவதற்கு முன்னால் இருட்டில்தான் உடை மாற்றுவேன். பின்னால் மகன் வீட்டுக்குப் போனேன். அங்கே ஹாலில் டிவிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவே என் பாய். என்னைக் குறையாக யாரும் நடத்தவில்லை. ஆனால் சாத்திக்கொள்ள எனக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை.

இங்கே குடிவந்த அன்று சாமான்களை இறக்கிவிட்டு எல்லோரும் போனதும் தாழ்ப்பாளைப் போட்டேன். பாயைக்கூட விரிக்காமல் அறையின் நடுவில் வெறுந்தரையில் காலை நீட்டிப் படுத்தேன். சேலை முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடந்தது. இழுத்து விடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாகச் சிரித்தேன். அன்றைக்கு இருந்ததுபோல் நான் என் கல்யாணத்தன்றுகூட சந்தோஷமாக இருந்ததில்லை.

அதைத்தான் சாக்குப் பையில் போட்டுக் கொண்டுபோனார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், வெளியே போகும்போது கதவைப் பூட்டிக்கொள்ள எங்களுக்கு அனுமதி உண்டு. உள்ளே இருக்கும்போதுதான் கூடாது. என் மிக்ஸிக்கும் குக்கருக்கும் காவல் உண்டு, எனக்கு இல்லை.

அதன்பிறகு என் வீடு பஸ் ஸ்டாண்டாகிவிட்டது. தொட்டி கழுவ வருகிறவர் தள்ளிக்கொண்டு வருவார். கொசு மருந்து அடிக்கிறவர் வருவார். சூப்பர்வைசர் பல்பு எரிகிறதா என்று பார்க்க வருவார். கேட்டால், "நாம எல்லாம் ஒரே குடும்பந்தானம்மா" என்பார். குடும்பத்திலிருந்து தப்பித்துத்தானடா இங்கே வந்தேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். குளிக்கப் போனால் கதவுக்கு முட்டுக் கொடுத்துத் தண்ணீர் வாளியை வைத்துவிட்டு, ஒரு கண் கதவிலும் ஒரு கண் சோப்பிலுமாக அவசர அவசரமாகக் குளிப்பேன். வழுக்கி விழுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

ஒருநாள் டவுனுக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். தெருவுக்குத் தெரு பூட்டுக் கடை இருக்கிற ஊரில் அதை ஒளித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தச்சரைக் கெஞ்சினேன். "ஆபீஸ்ல சொல்லாம போட முடியாதும்மா, என் பொழப்புப் போயிரும்" என்றார். ஆபீஸில் கேட்டேன். மகனைப் பேசச் சொல்லுங்கள் என்றார்கள். மகனிடம் சொன்னேன். "பாக்கலாம்மா" என்றான். அவன் பார்க்கலாம் என்று சொன்னால் பார்க்க மாட்டான் என்பது அவனைப் பெற்றவளுக்குத் தெரியாதா? தாழ்ப்பாள் காகிதம் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.

இவர்கள் எல்லோரையும்விட என்னை வதைத்தது பக்கத்து வீட்டு அம்மாதான். தினமும் காலையில், விடிந்தும் விடியாமலும் வந்து கதவைத் தள்ளித் தலையை நீட்டுவார். நான் மூச்சு விடுகிறேனா என்று பார்ப்பார். நான் கண்ணைத் திறந்தால், "ஒண்ணுமில்லீங்கக்கா, தூங்குங்க" என்று சாத்திவிட்டுப் போவார். அதன்பிறகு எங்கே தூங்குவது? பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் நான் ஜாக்கெட் மாற்றிக்கொண்டு நிற்கும்போது கதவு திறந்தது. வாசலுக்கு அப்பால் வாட்ச்மேன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது.

எனக்கு வெறி வந்துவிட்டது. "ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? உங்க அக்கா செத்துப்போச்சுன்னா நான் அம்மணமா நடுத்தெருவுல நிக்கணுமா? இனிமே என் கதவுல கை வைக்காத!"

அவர் முகம் சுண்டிவிட்டது. "தப்புத்தானுங்க. இனித் தொறக்க மாட்டனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடியே மறுநாளிலிருந்து வெளியே நின்று கூப்பிட ஆரம்பித்தார். "ஏனுங்கக்கா, எந்திரிச்சுட்டீங்களா?" உள்ளேயிருந்து நானும், "இருக்கேன், இருக்கேன், இன்னும் போகலை" என்று சிடுசிடுப்பேன். அது போதும் அவருக்கு. செருப்புச் சத்தம் நகர்ந்துவிடும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தேன். வாளியை வழக்கம்போலக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாயிற்று. என் குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தண்ணீர் மோட்டார். அது ஓடினால் இடி விழுந்தாலும் கேட்காது. அன்றைக்கும் அது ஓடிக்கொண்டிருந்தது. அந்நேரத்தில் ஆபீஸ் ஆட்கள் யாரும் வர மாட்டார்கள் என்று ஒரு தைரியத்தில், செத்த நேரம் நிதானமாகவே குளித்தேன். தலையைத் துவட்டி, சேலை கட்டிக்கொண்டு, துண்டைக் காயப்போட வாசல் கதவைத் திறந்தேன்.

என் வாசற்படியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். நிலையைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று நடுங்கியது. முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்ததும் என் காலைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் ஓவென்று அழுதார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது. ஆபீஸுக்கு ஓடிப் போய்ப் பார்த்திருக்கிறார், அங்கே ஆள் இல்லை. திரும்பி வந்து மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்.

"ஏம்மா, கதவுலதான் தாழ்ப்பாளே இல்லையே? தள்ளுனா தொறந்திருக்குமே!"

"தெரியுமுங்க."

"பெறகு?"

"கை வெக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டீங்களே, அக்கா."

விரல் பட்டால் திறக்கிற கதவுக்கு முன்னால், உள்ளே நான் செத்துக் கிடக்கிறேன் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒருமுறை பட்டதை அவர் திரும்பவும் பட்டுக்கொண்டிருந்தார். இல்லாத தாழ்ப்பாளை இருப்பதாக மதித்தது இந்தக் குடியிருப்பிலேயே இவர் ஒருவர்தான். ஒரு சின்னத் தகரத் துண்டுக்காக நான் ஏறி இறங்கிய இடமெல்லாம் கண்ணில் வந்து போனது. என் பக்கம் நியாயம் இல்லையா? இருக்கிறது. இப்போதும் இருக்கிறது. அந்த நியாயத்தை இந்த நடுங்குகிற கையில் எப்படிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

உள்ளே கூட்டிவந்து காபி போட்டுக் கொடுத்தேன். டம்ளர் அவர் கையில் நிற்கவில்லை. நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.

"நாளைலருந்து ரெண்டு சத்தம் கூப்புடு. நான் பேசலைன்னா தொறந்துட்டு வந்துரு" என்றேன். "குளிச்சுக்கிட்டு இருந்தாலும் வந்துரு."

"நெசமாலுங்களா?"

"நெசமாத்தான்."

அவர் போனதும் கதவைச் சாத்தி அதன்மேலேயே சாய்ந்துகொண்டு அழுதேன். யாரும் இதைக் கண்டு இரக்கம் என்று நினைக்க வேண்டாம், ஆத்திரத்தில்தான் அழுதேன். ஆபீஸ் சொல்லியும், மகன் சொல்லியும் நான் கொடுக்காத சம்மதத்தை என் வாயாலேயே கொடுத்துவிட்டேன். இத்தனை வயதில் என் கதவைத் திறக்க என் அனுமதிக்காகக் காத்து நின்ற ஒரே மனுஷி அவர். அவரிடம்தான் "முடியாது" என்று என்னால் சொல்ல முடியவில்லை.