ஊர் எல்லைக்கு வெளியே ஒரு சரவெடி

மாப்பிள்ளை வீட்டு வேனிலிருந்து முதலில் இறங்கியது மாப்பிள்ளை இல்லை, ஒரு அட்டைப்பெட்டி. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ரெண்டு பேர் அதைப் பச்சைக் குழந்தையை இறக்குவது மாதிரி இறக்கினார்கள். பெட்டி மேல் சிவப்பு எழுத்தில் சரவெடி என்று போட்டிருந்தது.

நான் வாசலில் பன்னீர்ச் சொம்போடு நின்றிருந்தேன். என் மகளுக்கு அன்றைக்கு நிச்சயதார்த்தம். வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளிக்க வேண்டியது பெண்ணைப் பெற்றவனின் வேலை. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் சொம்பைத் திருப்பி என் மூஞ்சியிலேயே தெளித்துக்கொண்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுராந்தகத்திலிருந்து உள்ளே வந்தால் எங்கள் ஊர். ஏரி அப்படியொன்றும் பெரிசில்லை. ஆனால் ஏரிக்குள்ளேயே இடுப்பளவு தண்ணீரில் கடம்ப மரங்கள் நிற்கும். ஐப்பசியில் பறவைகள் வந்து இறங்கும். நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், பேர் தெரியாதது பாதி. தை மாசம் முட்டையும் குஞ்சுமாக மரம் தெரியாது. அதுகள் போடுகிற எச்சம் விழுந்த தண்ணீர்தான் எங்கள் நெல்லுக்குப் போகிறது. அதனால் அதுகளைப் பயமுறுத்துகிற எதையும் யாரும் செய்வதில்லை. தீபாவளிக்கு எங்கள் ஊரில் பட்சணம் உண்டு, புதுத்துணி உண்டு, வெடி கிடையாது.

இதைப் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம் இருக்கிறது. சுற்றியுள்ள அஞ்சு ஊருக்கும் பொது. பால் சொசைட்டி வராந்தாதான் ஆபீஸ். கரை உடைந்தால் மண் போடுவது, முட்டை எடுக்க வருகிறவனைத் துரத்துவது, கழிவுநீர் டேங்கரைக் கால்வாயில் திறந்துவிட வந்தால் லாரி முன்னால் படுத்துக்கொள்வது, இதெல்லாம் சங்கத்து வேலை. செயலாளர் என் மச்சான், மனைவியின் தம்பி. டிராக்டர் மெக்கானிக். பறவைகளை எண்ணிக் குறித்து வைக்கிற நோட்டு என் மகளிடம். எனக்குக் கொடுத்திருக்கிற வேலை, தீபாவளிக்கு முன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு அஞ்சு ஊருக்கும் போய் வெடி வேண்டாம் என்று ஞாபகப்படுத்துவது. "ஏரியில பிரசவ வார்டு நடக்குது, ஆரன் அடிக்காம போங்க" என்பேன். சிரிப்பார்கள். அவர்களுக்குத் தெரியாததை நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்தே தெரியும். என் ஜோக்குக்காக நிற்பார்கள், அவ்வளவுதான்.

ஒரு கூட்டத்தில், மீறி வெடித்தால் என்ன தண்டனை என்று பேச்சு வந்தது. நான்தான் எழுந்தேன். "வெடிச்ச வூட்டுக்காரன் சித்திரை வெயில்ல வரத்துக் கால்வாயை ஒண்டியா தூர் வாரணும். தலையில துண்டு கூடாது. மோர் கேட்டா யாரும் ஊத்தக் கூடாது." எல்லாரும் கை தட்டிச் சிரித்தார்கள். மச்சான் சிரித்துக்கொண்டே அதை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் எழுதினான். நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அந்தத் தண்டனைக்கு ஆள் கிடைக்கவே இல்லை.

இப்போது புரியும். சம்பந்தியோடு ரெண்டு மாசமாக ஃபோனில் பேசியிருக்கிறேன். வேன் எங்கே நிறுத்துவது, வரிசைத் தட்டு எத்தனை, சாம்பாரில் வெங்காயம் சேர்க்கலாமா, எல்லாம் பேசியாகிவிட்டது. வெடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றுக்கு உப்புப் போடுங்கள் என்று யாராவது தனியாகச் சொல்வார்களா? அந்த மாதிரிதான் விட்டுப்போனது.

சம்பந்தி மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் விடுகிறவர். அலைச் சத்தத்துக்கும் பஸ் ஆரனுக்கும் மேலே பேசிப் பேசி முற்றிய குரல்.

"இன்னா சம்பந்தி, பன்னீர்ல மூஞ்சி கழுவிகினு கீறீங்க? எங்களுக்கும் மிச்சம் வெய்யுங்க!"

"அந்தப் பெட்டி... இன்னாங்க அது?"

"நம்ம சந்தோசம்! தெரு முனையில கொளுத்தினா உங்க வூட்டு வாசல்ல வந்துதான் நிக்கும். எங்க வூட்ல மொத கல்யாணம் இல்லயா? மகாபலிபுரம் வரிக்கும் கேக்கணும்."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன், "ஏரியில குஞ்சு கீது, வெடி வேணாம்" என்று சொல்லியிருப்பான். அஞ்சே வார்த்தை. எனக்குப் பயம் வந்தால் வாய் தானாகப் பொய் சொல்லும். இதற்கு வைத்தியம் கிடையாது. கொக்குக்காக நம்மை அவமானப்படுத்துகிறான் என்று அந்த மனிதர் நினைத்துவிட்டால்? வேனைத் திருப்பிவிட்டால்? தலைக்குள் இது ஓடி முடிப்பதற்குள் வாய் பேசி முடித்திருந்தது.

"எங்க குலதெய்வத்துக்கு ஆவாதுங்க. ஊர் எல்லைக்குள்ள வெடிச் சத்தம் கேட்டா பொண்ணுக்கு தோஷம்."

இதைக் கேட்டு முதலில் ஆச்சரியப்பட்டது நான்தான். எங்கள் குலதெய்வம் உத்திரமேரூர் பக்கம் இருக்கிறது. வேட்டுப் போடாமல் அங்கே பொங்கல் பானையையே இறக்கமாட்டார்கள்.

சம்பந்தி முகம் அப்படியே இளகியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி விசயம்னா நாங்க கட்டுப்பட்ட ஆளுங்க. எல்லைக்குள்ளதானே ஆவாது?"

"ஆமா ஆமா, எல்லைக்குள்ளதான்."

பெட்டி திரும்ப வேனுக்குள் போனது. எனக்கு அப்படி ஒரு பெருமை. ஜமாய்த்துவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வந்தவர்கள் மேலெல்லாம் ரெண்டு தரம் பன்னீர் தெளித்தேன். ஒரு அம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனார். வரிசைத் தட்டுகள் பாயில் இறங்கின. காபி போயிற்று. ஐயர் பஞ்சாங்கத்தை விரித்து, ஆறு மணி வரைக்கும் நல்ல நேரம் என்றார். அப்போதுதான் கவனித்தேன், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ரெண்டு பேரைக் காணோம். வாசலில் வேனும் இல்லை.

"பசங்க எங்க, சம்பந்தி?"

"சாமி குத்தம் வராம ஊரு எல்லையத் தாண்டி வெடிச்சிட்டு வாங்கடான்னு அனுப்பினேன். அதோ, கரை மாதிரி ஒசரமா கீதே, அங்க."

அது கரை மாதிரி இல்லை. ஏரிக் கரையேதான். எங்கள் ஊர் எல்லையும் அதுதான்.

ஓடினேன். ஐம்பதைத் தாண்டிய, தொந்தியுள்ள, பட்டு வேட்டி கட்டிய ஒருவன் ஓடுவதை ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஒரு செருப்பு வாசலிலேயே தங்கிவிட்டது. "குஞ்சு! குஞ்சு!" என்று கத்திக்கொண்டே போனேன். பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்து, "யோவ் மாமா, கோழி ஓடிச்சா?" என்றான்.

நான் கரைமேல் கால் வைக்கவும் முதல் வெடி வெடிக்கவும் சரியாக இருந்தது.

முதல் ஒன்றிரண்டு வெடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மரங்கள் ஒரு தரம் சிலிர்த்த மாதிரி இருந்தது. பிறகு சரம் பற்றிக்கொண்டது. ஏரி எழுந்தது.

அப்படித்தான் சொல்ல வருகிறது. மரத்தில் இருந்தது, தண்ணீரில் இருந்தது, கரையோரச் சேற்றில் இருந்தது, எல்லாம் ஒரே மூச்சில் மேலே போயின. வெயில் நின்றுவிட்டது. சிறகுச் சத்தத்தில் வெடிச் சத்தம் அமுங்கிப்போனது. அதற்கு நடுவே வேறொரு சத்தம், சின்னதாக, தொப்பு தொப்பென்று. முதலில் புரியவில்லை. கூடுகளிலிருந்து விழுந்துகொண்டிருந்தன. தண்ணீரில் ஒரு குஞ்சு, முடி முளைக்காத கழுத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு அமுங்கியது. எங்கிருந்தோ காக்கைகள் வந்துவிட்டன. இதற்காகவே காத்திருந்த மாதிரி, நேராகக் கூட்டுக்கு.

பிறந்ததிலிருந்து அந்த ஏரியைப் பார்க்கிறேன். தை மாசத்தில் அந்த மரங்களைப் பறவை இல்லாமல் பார்த்ததே இல்லை. எச்சம் பட்டு வெளுத்த வெறும் கிளைகள். நான் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி கால் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

சரம் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. அணைக்க வேண்டும். கையில் பார்த்தால் பன்னீர்ச் சொம்பு. அதை விடாமலேதான் ஓடி வந்திருக்கிறேன். கவிழ்த்தேன். பன்னீர்ச் சொம்பு எந்த ஊரில் ஊற்றியிருக்கிறது? தெளிக்கத்தான் தெளிக்கும். எரிந்துகொண்டு வருகிற சரவெடிக்கு, வாங்க வாங்க என்று வரவேற்புக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மச்சான் பின்னாலேயே ஓடி வந்து, ஒரு கொம்பால் சரத்தை இழுத்துச் சேற்றில் அமுக்கினான்.

ஊதுபத்தியைப் பிடித்தபடியே அந்தக் கூட்டாளிகள் வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணாத்த, நாலு கொக்கு ஒக்காந்துகினு இருந்திச்சின்னு நெனச்சோம். இம்மாம் எங்கேர்ந்து வந்திச்சி?" என்றான் ஒருவன். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

மச்சான் என்னைப் பார்த்தான். "மாமா, இது நம்ம வூட்டு வெடியா?"

"ஆமா."

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை உயர்த்திக்கொண்டு தெருவில் ஓடினான். பறவை எழும்பிவிட்டால் எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். மோட்டார் நிற்கும், டிவி நிற்கும், மாவரைக்கிற கிரைண்டர் நிற்கும். அதுகள் திரும்ப வந்து உட்காரும்வரை யாரும் குரல் உயர்த்தக் கூடாது. பொழுது சாய்வதற்குள் கூட்டுக்குத் திரும்பாவிட்டால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். மறு வருஷமும் வராது என்பார்கள்.

வீட்டுக்குத் திரும்பினேன். ஒற்றைச் செருப்பு, கருகின வேட்டி முனை. மகள் பட்டுப் புடவையோடு பின்வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அந்த நோட்டு. என் பக்கம் திரும்பவே இல்லை.

"அதுங்க திரும்பி வந்து ஒக்கார்ற வரிக்கும் நானும் மணையில ஒக்கார மாட்டேம்பா."

"அம்மா, ஆறு மணிக்குள்ள..."

"தெரியும்."

ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. எனக்கு அப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

சம்பந்தி எழுந்து வந்தார். கூடத்தில் அவர் ஜனங்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்திருந்தார்கள். பெண் உட்கார மாட்டேன் என்கிறாளாம், இன்னா வூடு இது என்று. நான் அவரைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னேன்.

"சாமி இல்ல, சம்பந்தி. பொய் சொல்லிட்டேன். ஏரியில குஞ்சு கீது. அதான் வெடி ஆவாது."

வெகு நேரம் என்னையே பார்த்தார். நான் மனசுக்குள் வேனை மூணு தரம் திருப்பி அனுப்பிவிட்டேன். கடைசியில் அவர் குனிந்து என் காதில் பேசினார். ரகசியம் பேசிப் பழக்கமில்லாத குரல் அது, கரகரவென்று வந்தது.

"இத சொல்றதுக்கு இன்னா வெக்கம் உனக்கு? நான் வெடி வெடிக்கவா வந்தேன்? பொண்ணு எடுக்க வந்தேன்யா." பிறகு, "பொய்யச் சொல்லி எம் பசங்க கையாலயே கொல்ல வெச்சிட்டியே" என்றார்.

ரெண்டு பேரும் பின்வாசலில் போய் மகள் பக்கத்தில் நின்றோம். மாப்பிள்ளையும் வந்து நின்றான். மேளக்காரர் தவிலை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீடு நிறைய ஜனம், ஒரு டம்ளர் வைக்கிற சத்தம்கூடக் கிடையாது. ஐயர் மட்டும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மேலே சுற்றிக்கொண்டே இருந்தன. இறங்குவது மாதிரி வரும், திரும்ப மேலே போகும். சூரியன் பனை உயரத்துக்கு வந்தபோது ஒரு நாரை காலைத் தொங்கவிட்டபடி நடு மரத்தில் இறங்கியது. ரெண்டு தரம் கால் மாற்றிக் கிளை பிடித்து நின்றது. அப்புறம் ஒன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அவர் விட்ட பிறகுதான் தெரிந்தது.

மகள் நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் மணையில் உட்கார்ந்தாள். ஐயர் லக்னப் பத்திரிகையை ரகசியம் சொல்வது போல வாசித்தார். தாம்பூலம் மாற்றினோம். மேளம் கொட்டாத நிச்சயதார்த்தம் அந்த ஒன்றுதான் நான் பார்த்தது.

கரையோரத்துக் கடம்பில் மட்டும் எதுவும் இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. மாசி முடியும்வரை அது காலியாகவே நின்றது. நோட்டில் அந்த மரத்துக்கு நேரே மகள் ஒரு கோடு போட்டிருந்தாள்.

சங்கக் கூட்டத்தில் மச்சான் தீர்மானப் புத்தகத்தை என்னிடமே நீட்டினான். "நீயே படி மாமா." படித்தேன். துண்டு கூடாது, மோர் கூடாது. யாரும் சிரிக்கவில்லை. இவ்வளவு மோசமான ஜோக்கை அதற்கு முன்னால் நான் சொன்னதில்லை.

சித்திரையில் வெறுந்தலையோடு கால்வாயில் இறங்கினேன். மூணாம் நாள் ஒரு வேன் வந்து நின்றது. சம்பந்தி மண்வெட்டியோடு இறங்கினார், பின்னாலேயே அந்த ரெண்டு கூட்டாளிகளும். ஒண்டியாகத்தான் செய்ய வேண்டும் என்று விதி இருப்பதைச் சொன்னேன். "விதிய எழுதினவன் யாரு?" என்றார். "நான்தான்." "அப்ப மூடிகினு வெட்டு." மச்சான் கரைமேல் நின்று பார்த்தான், தடுக்கவில்லை. மோரும் ஊற்றவில்லை.

கல்யாணம் வைகாசியில், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த ஒரு மண்டபத்தில். எங்கள் ஊரே ரெண்டு பஸ்ஸில் போயிருந்தோம். தாலி ஏறியதும் வெளியே யாரோ வெடியைக் கொளுத்தினார்கள். அங்கே கொளுத்தலாம், ஒரு தப்பும் இல்லை. அவர்கள் பக்கத்து ஜனம் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல், கையில் அட்சதையோடு, ஜன்னல் வழியாக வானத்தை அண்ணாந்து பார்த்தோம்.

பக்கத்தில் திரும்பினேன். சம்பந்தியும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.