அப்பா கதிரைக்கு மாறிய மாரி

முதல் அறிகுறியைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். அதை ஒப்புக்கொள்ளாமல் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவுக்கு அப்போது எழுபத்துமூன்று வயது. உலகப் போரில் வெள்ளைக்காரரின் கடற்படையில் சேர்ந்து, திருகோணமலைத் துறைமுகத்தில் முறைவைத்து விழித்திருந்து, கப்பல்களுக்கு விளக்கால் செய்தி அனுப்பியவர். வெள்ளைக்காரர் போயும் அந்த ஒழுங்கு அவரை விட்டுப் போகவில்லை. ஐந்து பிள்ளைகளும் அவருடைய மணிக்கூட்டுக்குத்தான் வளர்ந்தோம்.

ஒரு மாரிமழைக் காலத்தில் அவர் கட்டிலை விட்டுக் கதிரையில் உறங்கத் தொடங்கினார். அம்மா காரணம் கேட்டதற்கு, "எனக்கு வோச் (காவல் முறை)" என்றார். பழைய நேவிக்காரனுக்குப் பழைய ஆசை வந்துவிட்டது என்று நினைத்தோம். வாத்தியார் வேலை பார்க்கும் என் தம்பி விடிந்ததும் சல்யூட் அடித்து, "கப்பல் ஏதும் வந்ததோ, சேர்?" என்று கேட்பான். "ஒண்டும் வரேல்லை" என்பார் அப்பா. வீடே சிரிக்கும்.

கால் வீங்கியபோதும், இருந்தபடி உறங்குவதால்தான் என்று நாங்களே முடிவுகட்டி எண்ணெய் பூசினோம். மூன்று மாதம் இப்படியே போயிற்று.

ஒரு காலை கிணற்றடி வரை நடக்க முடியாமல் பாதியில் குந்திவிட்டார். உப்புவெளியிலிருந்து கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் அவருடைய காலை விரலால் அழுத்தினார். பள்ளம் அப்படியே நின்றது.

"எத்தனை தலையணை வைச்சுப் படுக்கிறவர்?"

"கதிரையிலதான் டொக்டர். நேவியில இருந்தவர், அந்தப் பழக்கம்."

"பழக்கம் இல்லை. அவருக்குப் படுக்க ஏலாது. படுத்தா மூச்சு முட்டும்."

இதயச் செயலிழப்பு (இதயம் இரத்தத்தைச் சரியாகத் தள்ளாததால் நுரையீரலில் நீர் தேங்குவது) என்று விளக்கினார். முன்னமே வந்திருந்தால் கொஞ்சக் காலம் கூடக் கிடைத்திருக்கும் என்றும் சொன்னார். எனக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஊசியும் நீர் போவதற்கான குளிசையும் கொடுத்தார்கள். வீக்கம் வற்றியது. வீட்டுக்கு வந்து, உப்பில்லாத சொதியை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். ஆறு வாரத்தில் திரும்பவும் வார்டு. அங்கேதான் கேட்டேன்.

"ஏனப்பா எங்களிட்டச் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வெளிக்கிட்டனான், பிள்ளை. எல்லாரும் ஒண்டா நிண்டு சிரிச்சியள். கெடுக்க மனம் வரேல்லை."

நாலாம் நாள் காலை, சாய்ந்து இருந்தபடியே போய்விட்டார்.

இதை வாசிப்பவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது கதிரைக்கு மாறினால் காரணத்தை நீங்களே சொல்லிவிடாதீர்கள். அப்பா போய் நாலு வருடமாகிறது. இன்றைக்கும் மல்லாந்து படுத்தால் முதலில் என் மூச்சைத்தான் கவனிக்கிறேன். மாரி வந்தால், நாங்கள் சிரித்துக் கழித்த அந்த மூன்று மாதம் எனக்கு மிக நீளம்.

செத்தவீட்டன்று அவரைப் பெட்டியில் நேராகக் கிடத்தினார்கள். அம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"தலையை உயர்த்தி வை பிள்ளை, அவருக்கு மூச்சு முட்டும்."

நான் உள்ளே போய் இரண்டு தலையணை எடுத்துவந்தேன்.