இத்தாலிக் காரும் என் இரத்த அழுத்தமும்

பழைய இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார்களின் உடம்பைத் திருத்துகிறவனுக்குச் சுத்தியலைவிட முதலில் வேண்டியது திடமான இதயம். தூரின், மிலான் பக்கத்துப் பட்டறைக்காரர் அலுமினியத் தகட்டைக் கையால் அடித்து உருவாக்கிய உடம்புகள் அவை. கெடுத்துவிட்டால் மாற்று கடையில் கிடையாது. மற்றவர் உயிராய் வைத்திருக்கும் பொருளில் கை வைத்துப் பிழைக்கிற யாருக்கும், வால்தம்ஸ்டோ பட்டறையில் நான் படுகிற பாடு விளங்கும்.

எட்டு மில்லிமீட்டர்

வேலையில் சேர்ந்த புதிதில், இடிபட்ட ஒரு காரின் இடது மட்காட்டை ஒரு மாதம் அடித்துச் சரிப்படுத்தினேன். அளந்தால், வலதைவிட எட்டு மில்லிமீட்டர் நீளம். வேலை போனது என்றே நினைத்து, கூட வேலை செய்த தூரின்காரன் பீட்ரோவிடம் சொன்னேன். இடிபட முன்னம் சொந்தக்காரர் அளந்து எழுதி வைத்திருந்த தாளை அவன் எடுத்துக் காட்டினான். அதிலும் அதே எட்டு.

"ஒரு பக்கத்தை ஒருவன் அடித்தான், மற்றதை இன்னொருவன். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க யாராலும் முடியாது, அதனால் சண்டை வரவில்லை" என்றான்.

டொக்டரின் கார்

சட்டன் என்ற ஊரில் இருந்து ஒரு அம்மா, காலமான கணவரின் காரோடு வந்தார். கணவர் யாழ்ப்பாணத்து டொக்டர். அசல் இத்தாலி உடம்பு என்று ஊரெல்லாம் பெருமை பேசியவர். யாரோ போலியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது அம்மாவின் முடிவு. அதைக் கணவருக்கு நேரே சொல்லியும் இருக்கிறார். இப்போது உண்மை தெரிய வேண்டுமாம்.

அந்த இத்தாலிப் பட்டறைக்காரர் ஒவ்வொரு துண்டிலும் மறைவான இடத்தில் ஒரே இலக்கத்தைக் குத்தி வைப்பார்கள். பொனட்டின் அடியில் தேடினேன், ஒன்றும் தெரியவில்லை. அம்மா கைப்பையை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே கதவின் உள்மட்டையைக் கழற்றிப் பெயின்ட்டைச் சுரண்டினேன். இலக்கத்தின் முதல் எண் தெரிந்தது, பிறகு மற்றவை. இத்தாலியில் இருந்து காரோடு வந்த பழைய பத்திரத்தில் இருந்ததும் அதே இலக்கம். பொனட்டிலும் சுரண்டினேன், அங்கேயும் அதுதான். எனக்கே கண் கலங்கியது.

அம்மா எழுந்து வந்து அந்த இலக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நாப்பது வருசமா அந்த மனுசனை ஏமாளி எண்டு சொல்லிக்கொண்டிருந்திட்டன், தம்பி. நாளைக்குக் கல்லறைக்குப் போய் மன்னிப்புக் கேக்கப்போறன்."

திறக்காத கதவு

ஹவுன்ஸ்லோவில் ஒரு கலியாணம். மணமகளின் மாமா எங்கள் வாடிக்கையாளர். தன் காரில்தான் பெண் தேவாலயத்துக்கு வரவேண்டும் என்று என்னை ஓட்டச் சொன்னார். வாசலில் நிறுத்தினால், பெண்ணின் பக்கக் கதவு திறக்கவில்லை. அந்த நீளக் கவுணோடு கியரைத் தாண்டி என் பக்கத்தால் இறங்கவும் ஏலாது. வெளியே தகப்பன் கைப்பிடியை இழுக்கிறார், அது கழன்றுவிடுமோ என்று எனக்குப் பயம். அப்போதுதான் பார்த்தேன், முன்சில்லு நடைபாதை விளிம்பில் ஏறி நின்றது. மெல்லிய குழாய்களில் கட்டிய கார் இது. ஒரு மூலை உயர்ந்தால் உடம்பு முறுக்குண்டு, கதவு இறுகிவிடும். கீழே இறக்கி நிறுத்தினேன். கதவு பூப்போலத் திறந்தது.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, பெண் இறங்கியபடி சொன்னாள்: "பரவாயில்லை அண்ணை. காலமையில இருந்து இந்த அஞ்சு நிமிசம்தான் என்னை ஒருத்தரும் தொடேல்லை."

அழகையெல்லாம் இத்தாலிக்காரர் செய்து முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பெருமூச்சு விடுகிற வேலையை மட்டும் எங்களுக்கு மிச்சம் வைத்திருக்கிறார்கள்.